டிர்பிட்ஸின் ரிஸ்க் கணக்கு: சண்டை போடாமல் மிரட்டக் கட்டிய கடற்படை

"எங்கப்பா ஒரு எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே கடலில் வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது. கப்பல் மூழ்கி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. பெயர் மட்டும் கண்டிப்பான அப்பாக்கள் மேலும் விவரமான பையன்கள் மேலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் ஜெர்மன் கடற்படை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தனியாக வந்து, அடித்துவிட்டு, இருட்டில் மறையும் ஒரு கப்பல்தான்.

அந்தக் கடற்படையைக் கட்டியவருக்கோ இந்த மாதிரிச் சண்டையில் நம்பிக்கை இருந்ததில்லை. அவர் பெயர் ஆல்ஃபிரட் டிர்பிட்ஸ். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாகச் சில கதைகள் வரும். இங்கிலாந்தைப் பிடிக்கக் கப்பல் கட்டினார் என்பார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களை நம்பியவர் என்பார்கள். பெரிய கடற்போர்த் தளபதி என்பார்கள். எதுவுமே சரியில்லை. அவர் ஒரு கடற்போரையும் நடத்தியதில்லை. நீர்மூழ்கிகளை வெகுகாலம் ஒதுக்கியே வைத்திருந்தார். இங்கிலாந்துக் கரையில் படை இறக்குவதற்காக அவர் கப்பல் கட்டவும் இல்லை.

அவர் நம்பியது ஒரு கணக்கை. ஜெர்மனியில் அதை 'ரிசிகோ' என்ற சொல்லை வைத்துக் குறிப்பிட்டார்கள். நாம் பேச்சில் "ரிஸ்க் எடுக்காதே" என்கிறோமே, அதே ரிஸ்க்தான். இந்தக் கட்டுரை அந்த ரிஸ்க் கணக்கைப் பற்றியது. கணக்கு புரிய வேண்டுமானால் ஆளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கடைத்தெரு

ஒரு கடைத்தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே ஒரு பெரிய மளிகைக்கடை. எதிர்ச் சாரியில் இரண்டு நடுத்தரக் கடைகள். பெரிய கடை முதலாளிக்கும் அந்த இருவருக்கும் ஆகாது. இந்த நிலையில் தெருக்கோடியில் புதிதாக ஒருவர் கடை போடுகிறார்.

பெரியவர் நினைத்தால் புதியவரை ஒழித்துவிடலாம். அரிசி விலையைக் குறைத்து, நஷ்டத்துக்கு விற்று, ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் போதும். புதியவரின் கடை பெட்டிக்கடை அளவு என்றால் ஆறு மாதம்கூட வேண்டாம், ஒரு வாரத்தில் கதை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கடை ஓரளவு பெரிதாக இருந்தால்? அப்போதும் பெரியவர்தான் ஜெயிப்பார். ஆனால் கல்லா காலியாகியிருக்கும், சரக்கறையும் பாதி ஆகியிருக்கும். எதிர்ச் சாரிக்காரர்கள் இருவரும் அதுவரை கைகட்டி வேடிக்கை பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கடையை விரிவாக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இது பெரியவருக்கும் தெரியும். ஆகவே அவர் விலைப்போரில் இறங்கமாட்டார். "சரி, நீயும் பிழைத்துப் போ" என்று நாலு வாடிக்கையாளரை விட்டுக்கொடுப்பார்.

புதியவர் பெரியவரை விடப் பெரிய கடை கட்டத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். தன்னை அடித்தால் அடிப்பவருக்குத் தாங்க முடியாத செலவு ஆகும் என்ற அளவுக்குக் கட்டினால் போதும். பெரிய கடை பிரிட்டன். எதிர்ச் சாரிக் கடைகள் பிரான்ஸும் ரஷ்யாவும். தெருக்கோடிப் புதுக்கடை ஜெர்மனி. இந்தத் தெருவுக்குப் பிறகு திரும்பி வருவோம்.

பிளைமவுத்தில் சாமான் வாங்கிய கடற்படை

டிர்பிட்ஸ் 1849 மார்ச் 19 அன்று, ஓடர் ஆற்றங்கரையில் உள்ள க்யூஸ்ட்ரின் என்ற ஊரில் பிறந்தார். இப்போது அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அப்பா வக்கீல், பிறகு நீதிபதி. அம்மா டாக்டர் வீட்டுப் பெண். கடலுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பையன் படிப்பில் சுமார். 1865-இல், 16 வயதில், பிரஷ்யக் கடற்படையில் பயிற்சி மாணவனாகச் சேர்ந்தான்.

அப்போது ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பிரஷ்யாதான் அந்தப் பகுதியின் பெரிய ராஜ்யம். அதற்குத் தரைப்படை உயிர், கடற்படை ஓர் ஒட்டுத்திண்ணை. கப்பலுக்கு வேண்டிய சாமான்களுக்கும் பழுது பார்ப்பதற்கும் இங்கிலாந்தின் பிளைமவுத் துறைமுகத்தைத்தான் நாடினார்கள். இளம் டிர்பிட்ஸ் பிரிட்டிஷ் கடற்படையைப் பார்த்து வியந்தவர். ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். பின்னாளில் தன் மகள்களை இங்கிலாந்தின் செல்டனம் பெண்கள் கல்லூரிக்குப் படிக்க அனுப்பியவர். பிரிட்டனைக் குறிவைத்துக் கடற்படை கட்டியவரின் வீட்டுச் சேதி இது. வெறும் வெறுப்பில் கட்டிய கடற்படை என்று எழுதுகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

1870-இல் பிரான்ஸுடன் போர் வந்தது. டிர்பிட்ஸ் 'க்யோனிக் வில்ஹெல்ம்' என்ற பெரிய கவசக் கப்பலில் இருந்தார். தரைப்படை பாரிஸ் வரை போய்ப் பேர் வாங்கியது. பெரிய கப்பல்களோ பெரும்பாலும் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தன. எதிரியை விட எண்ணிக்கையில் குறைவு, வெளியே போய் என்ன செய்வது? போர் முடிந்து ஜெர்மனி ஒரே பேரரசானபோது கடற்படைக்காரர்கள் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. டிர்பிட்ஸ் போட்ட எல்லாக் கணக்குக்கும் அடியில் இந்த அவமானம் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

சின்னக் குச்சி, பெரிய பாம்பு

1877-இல் அவரை ஃபியூமே நகரத்துக்கு அனுப்பினார்கள். இன்று குரோஷியாவில் ரியேகா என்று பெயர். வைட்ஹெட் என்ற ஆங்கிலேயரின் தொழிற்சாலை அங்கே டார்பிடோ செய்துகொண்டிருந்தது. டார்பிடோ என்றால் தண்ணீருக்கு அடியில் தானாக ஓடிப் போய்க் கப்பலின் வயிற்றில் வெடிக்கும் குண்டு.

அடுத்த பன்னிரண்டு வருஷம் டிர்பிட்ஸின் வாழ்க்கை இந்தக் குண்டோடுதான் போயிற்று. டார்பிடோவைச் சரியாக ஓட வைப்பது, அதை ஏந்தும் சின்னஞ்சிறு படகுகளைக் கட்டுவது, படகுகளைக் கூட்டமாக ஓட்டப் பழக்குவது எல்லாமே அவர் பொறுப்பு. அவரோடு வேலை செய்த இளம் அதிகாரிகள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பின்னால் அவர் மேலே போனபோது கூடவே போனவர்கள் இவர்கள். 1887-இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்கு இங்கிலாந்து போன இளவரசர் வில்ஹெல்முக்குத் துணையாக டிர்பிட்ஸின் டார்பிடோ படகுகள் போயின. கப்பல் பைத்தியம் பிடித்த அந்த இளவரசர் அடுத்த வருஷமே பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஆனார். டிர்பிட்ஸுக்கு நல்ல நேரம்தான்.

டார்பிடோ அவருக்கு ஒன்றைக் கண்ணெதிரே காட்டியது. விலை குறைந்த ஒரு படகு, பல மடங்கு விலையுள்ள ஒரு கப்பலைப் பயமுறுத்தித் தள்ளி நிற்க வைக்கும். அடிக்கக்கூட வேண்டாம், அடிக்க முடியும் என்று தெரிந்தால் போதும்.

குரூசரா, போர்க்கப்பலா?

1892-இல் அவர் பெர்லினில் கடற்படைத் தலைமையகத்தின் தலைமை அலுவலராக வந்தார். அந்தக் காலத்தில் உலகக் கடற்படைகளுக்குள் ஒரு பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும்.

குரூசர் என்பது வேகமாக, தொலைதூரம் ஓடும் கப்பல். கவசம் குறைவு. எதிரியின் வியாபாரக் கப்பல்களைத் தேடிப் பிடிப்பதற்கு ஏற்றது. எம்டன் இந்த வகை. போர்க்கப்பல் என்பது கனமான கவசமும் பெரிய பீரங்கிகளும் கொண்டது. எதிரியின் போர்க்கப்பல்களோடு வரிசை கட்டி நின்று மோதுவதற்கு என்றே கட்டப்படுவது.

பலம் குறைந்த நாடு குரூசர்களை ஏவி எதிரியின் வியாபாரத்தைக் கெடுத்தால் போதும் என்று ஒரு கட்சி சொன்னது. டிர்பிட்ஸ் 1894-இல் எழுதிய நீண்ட அலுவலகக் குறிப்பு ஒன்றில் இதை மறுத்தார். குரூசர் தூரக் கடலில் நிலக்கரிக்கு எங்கே போகும்? பழுதானால் எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கும்? உலகம் முழுக்கத் துறைமுகம் வைத்திருப்பது பிரிட்டன், ஜெர்மனி அல்ல. ஆகவே பணம் முழுக்கப் போர்க்கப்பல்களில் போக வேண்டும், அவை சொந்தக் கடலில் ஒன்றாக நிற்க வேண்டும் என்றார்.

எம்டன் கதையை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1914 செப்டம்பரில் சென்னையைச் சுட்ட கப்பல், நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டுக் கதை முடிந்தது. வீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் போரின் போக்கை அது மாற்றவில்லை.

இடையில் 1896, 97-இல் டிர்பிட்ஸ் கிழக்காசியக் கடலில் ஜெர்மன் குரூசர் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். சீனக் கரையில் ஜெர்மனிக்கு ஒரு தளம் தேடியபோது அவர் கண் வைத்த இடம் கியாவ்சோ வளைகுடா. அவர் ஊர் திரும்பிய பிறகு, 1897 நவம்பரில், ஜெர்மனி அதைப் பிடித்துக்கொண்டது. அங்கே எழுந்த சிங்தாவ் துறைமுகம்தான் பிற்பாடு எம்டனின் வீடு. அவர் நம்பாத வகைக் கப்பலுக்கு இடம் பார்த்துக் கொடுத்ததும் அவரே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். துறைமுகத்தில் முடங்கிய கடற்படையைப் பார்த்து வளர்ந்தவர் டிர்பிட்ஸ். சிறியவன் பெரியவனைத் தள்ளி நிற்க வைக்க முடியும் என்பதை டார்பிடோவிடம் கற்றார். குரூசர் வேண்டாம், போர்க்கப்பல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

ஒரு தடவை கையெழுத்து, காலத்துக்கும் தவணை

1897 ஜூனில் அவர் கடற்படை அலுவலகத்தின் செயலர் ஆனார். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஜெர்மனியில் கப்பல்களைப் போருக்கு ஓட்டும் அதிகாரம் ஓரிடத்தில், கப்பல் கட்டும் பணத்தை நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்கும் பொறுப்பு வேறிடத்தில் இருந்தது. டிர்பிட்ஸ் உட்கார்ந்தது இரண்டாவது நாற்காலியில். நம் பேச்சில் சொன்னால் அமைச்சர் மாதிரி. அடுத்த 19 வருஷம் அவர் சண்டை போட்டது ரைஷ்டாக் என்ற நாடாளுமன்றத்தோடுதான்.

அவருக்கு முன்னால் இருந்த ஹோல்மன் வருஷா வருஷம் போய் "இந்த வருஷம் இத்தனை கப்பல்" என்று கேட்பார். உறுப்பினர்கள் வெட்டுவார்கள். டிர்பிட்ஸ் வழியை மாற்றினார். கப்பல்களின் எண்ணிக்கையைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். 1898 மார்ச்சில் நிறைவேறிய முதல் கடற்படைச் சட்டம் 19 போர்க்கப்பல்கள் என்று நிர்ணயித்தது. ஆதரவு 212, எதிர்ப்பு 139.

சட்டத்தின் சூட்சுமம் இன்னொரு பிரிவில் இருந்தது. 25 வருஷம் ஆன போர்க்கப்பலுக்குப் பதில் தானாகவே புதுக்கப்பல் வரும். யாரும் மறுபடி ஓட்டுப் போட வேண்டாம். வீட்டுக் கடன் போல, ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் தவணை தன்பாட்டுக்குக் கழிந்துகொண்டே இருக்கும். அதோடு சட்டம் எண்ணியது கப்பல்களை, எடையை அல்ல. 'சீக்ஃப்ரீட்' என்று ஒரு பழைய கரையோரக் காவல் கப்பல், சுமார் 3,500 டன். அதற்கு மாற்று என்ற பெயரில் இறங்கிய 'ஹெல்கோலாண்ட்' சுமார் 22,800 டன். பட்டியலில் ஒன்று போய் ஒன்று வந்தது, அவ்வளவுதான். இதை எழுதிய மூளைக்கு எதிரே ரைஷ்டாக் கணக்குப்பிள்ளைகள் பாவம்.

மூளை மட்டும் அல்ல, நாக்கும் இருந்தது. இரண்டாகப் பிரிந்து தொங்கும் தாடியோடு டிர்பிட்ஸ் உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பொறுமையாகப் பேசுவார். ஓய்வுபெற்று வீட்டில் கோபமாக உட்கார்ந்திருந்த முன்னாள் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கைக்கூட நேரில் போய்ப் பார்த்தார். பேராசிரியர்களைக் கட்டுரை எழுத வைத்தார். 1898-இல் தொடங்கிய கடற்படைச் சங்கம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. கடலைக் கண்ணால் பார்த்திராத ஊர்களில்கூடப் பையன்களுக்கு மாலுமிச் சட்டை தைத்துப் போட்டார்கள்.

1899 கடைசியில் தென்னாப்பிரிக்காவில் போயர்கள் என்ற டச்சு வம்சாவளிக் குடியேறிகளோடு பிரிட்டன் போர் நடத்தியபோது, ஆயுதம் கடத்துவதாகச் சந்தேகப்பட்டு 'புன்டஸ்ராட்' என்ற ஜெர்மன் தபால் கப்பலை பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து வைத்தார்கள். ஜெர்மனி கொதித்தது. அந்தச் சூட்டிலேயே 1900 ஜூனில் இரண்டாம் சட்டம் வந்தது: போர்க்கப்பல்கள் 38. அந்த வருஷமே அவர் பெயரில் 'ஃபான்' என்ற பிரபுப் பட்டமும் சேர்ந்தது. ரிஸ்க் கணக்கு பகிரங்கமாக எழுதி வைக்கப்பட்டதும் இந்தச் சட்டத்தின் விளக்கவுரையில்தான். மிகப் பெரிய கடற்படைகூட ஜெர்மனியைத் தாக்கினால் தன் உலக அந்தஸ்தையே இழக்கும் அபாயம் இருக்க வேண்டும், அந்த அளவுக்கு ஜெர்மனியிடம் கப்பல் வேண்டும் என்பது அதன் சாரம்.

கணக்கு எப்படி வேலை செய்ய வேண்டும்?

புரிவதற்காக எண்களை நானே போடுகிறேன், இவை உண்மையான கப்பல் எண்ணிக்கை அல்ல. பிரிட்டனிடம் 60 போர்க்கப்பல்கள், பிரான்ஸிடம் 35, ரஷ்யாவிடம் 15 என்று வையுங்கள். தனக்கு அடுத்த இரண்டு கடற்படைகளையும் சேர்த்தால்கூடத் தன்னுடையது குறையக் கூடாது என்று பிரிட்டன் 1889-இலிருந்து ஒரு விதி வைத்திருந்தது. இதை 'இரு வல்லரசு அளவுகோல்' என்பார்கள். 35-ம் 15-ம் 50. பிரிட்டனிடம் 60. கவலையில்லை.

இப்போது ஜெர்மனி 40 கப்பல் கட்டுகிறது. பிரிட்டன் மோதுகிறது, 40-ஐயும் அழிக்கிறது. அதற்காகத் தன் கப்பல்களில் 25-ஐ இழக்கிறது. மிச்சம் 35. எதிர்ச் சாரியில் அடிபடாத 50. போரில் ஜெயித்து, கடலை இழந்தாயிற்று. இதை முன்கூட்டியே கூட்டிக் கழித்துப் பார்க்கும் பிரிட்டிஷ் அமைச்சர் மோத மாட்டார், பேச்சுவார்த்தைக்கு வருவார். காலனி விஷயங்களில் விட்டுக்கொடுப்பார். டிர்பிட்ஸ் எதிர்பார்த்த பலன் இதுதான்.

60-க்கு 40 என்று நான் போட்டதற்குக் காரணம் உண்டு. மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம்தான் டிர்பிட்ஸின் இலக்கு. பிரிட்டனின் கப்பல்கள் மத்தியதரைக் கடல், சீனக் கடல் என்று சிதறிக் கிடக்கும், ஜெர்மனியின் கப்பல்கள் எல்லாம் வட கடலில் ஒரே இடத்தில் நிற்கும், ஆகவே அது போதும் என்று நினைத்தார். கடற்படை பலமாக இருந்தால் மற்ற நாடுகளும் ஜெர்மனியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள விரும்பும் என்பது உபரி லாபம்.

ஒரே ஒரு சங்கடம். 40 கப்பல் ஒரே நாளில் முளைக்காது. பத்து, இருபது என்று இருக்கும்போதே பெரியவர் வந்து கடையை நொறுக்கிவிட்டால்? இந்த இடைக்காலத்துக்கு 'ஆபத்து வலயம்' என்று பெயர். 1807-இல் பிரிட்டன் கோபன்ஹேகனைக் குண்டுவீசித் தாக்கி டென்மார்க்கின் கடற்படையை அப்படியே ஓட்டிக்கொண்டு போன கதை ஜெர்மானியர்களுக்கு மறக்கவில்லை. அதனால் கட்டி முடியும்வரை வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும். இரண்டாம் வில்ஹெல்ம் போன்ற ஒரு பேரரசரை வைத்துக்கொண்டு வாயை மூடு என்பது நடக்கிற காரியமா, நீங்களே யோசியுங்கள்.

ஆக, ரிஸ்க் கணக்கு நிற்பது மூன்று கால்களில். பிரிட்டனுக்கு எதிர்ச் சாரிக்காரர்களோடு பகை தொடர வேண்டும். பிரிட்டிஷ் கப்பல்கள் உலகெங்கும் சிதறியே இருக்க வேண்டும். சண்டை வந்தால் பிரிட்டன் ஜெர்மனியின் வாசலுக்கு வந்து மோத வேண்டும்.

பெரியவர் ராசியாகிவிட்டார்

முதல் கால் முறிந்தது பிரான்ஸ் பக்கம். பெரிய கடைக்காரர் புதுக்கடையைப் பார்த்து மிரண்டது நிஜம். ஆனால் மிரண்டவர் புதியவரிடம் போகவில்லை, எதிர்ச் சாரிக்குப் போய்க் கைகொடுத்துவிட்டார். 1902-இல் ஜப்பானோடு கூட்டணி. 1904-இல் பிரான்ஸோடு காலனித் தகராறுகளைத் தீர்த்துக்கொண்டது பிரிட்டன். ரஷ்யாவின் கப்பல்களை ஜப்பான் 1905-இல் சுஷிமாவில் மூழ்கடித்தது. 1907-இல் ரஷ்யாவோடும் சமரசம். என் எண்ணில் 50 என்று போட்ட அந்த எதிர்ச் சாரிக் கப்பல்கள் இனி பிரிட்டனைப் பயமுறுத்துகிறவை அல்ல.

கூடவே இரண்டாவது காலும் ஆடியது. 1904-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைக்கு வந்த ஃபிஷர், தூரக் கடல்களில் இருந்த கப்பல்களைக் குறைத்துத் தாய்நாட்டுப் பக்கம் குவித்தார். அதற்கு ஜப்பானும் பிரான்ஸும் நண்பர்களானது வசதியாகப் போயிற்று.

அப்புறம் வந்தது 1906-இன் 'ட்ரெட்நாட்'. ஒரே அளவில் பத்துப் பெரிய பீரங்கிகள், டர்பைன் எஞ்சின், 21 நாட் (மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர்) வேகம். அதற்கு முன் கட்டிய போர்க்கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன. பிரிட்டனுக்கும் இது நஷ்டம்தான், பழைய கப்பல் அதிகம் வைத்திருந்தது அதுதானே. டிர்பிட்ஸ் இதை வாய்ப்பாகப் பார்த்தார்: எல்லாரும் கிட்டத்தட்டப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். ஆனால் புது ரகக் கப்பலின் விலை எக்கச்சக்கம். பெரிய கப்பல் போக, பால்டிக் கடலையும் வட கடலையும் இணைக்கும் கீல் கால்வாயையே அகலப்படுத்த வேண்டியிருந்தது. 1907-இல் தொடங்கிய அந்த வேலை முடிய 1914 ஜூன் ஆயிற்று. 1908-இல் கப்பலின் ஆயுளை 25 வருஷத்திலிருந்து 20 ஆகக் குறைத்து, கட்டும் வேகத்தைக் கூட்டினார். பதிலுக்கு பிரிட்டன் 1909-இல் எட்டு பெரிய கப்பல்களுக்கு ஏற்பாடு செய்தது. பணத்தை எறிவதில் பிரிட்டனோடு போட்டி போட ஜெர்மனியால் முடியவில்லை. அதற்கு ஒரு பெரிய தரைப்படையையும் தீனி போட்டு வளர்க்க வேண்டியிருந்தது.

இங்கே டிர்பிட்ஸின் குறையை நேராகச் சொல்லிவிட வேண்டும். எதிராளியும் யோசிப்பான் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பிரிட்டனை அவர் ஒரு கல்லைப் போல, இருந்த இடத்திலேயே இருக்கும் ஒன்றாக வைத்துக் கூட்டினார்.

அவர்கள் வராவிட்டால்?

மூன்றாவது கால் 1914-இல், முதல் உலகப்போரில் போயிற்று. வரைபடத்தில் ஜெர்மனியின் வட கடல் கரையைப் பாருங்கள். அங்கிருந்து அட்லாண்டிக்குக்குப் போக இரண்டே வழி. ஒன்று இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள ஆங்கிலக் கால்வாய். இன்னொன்று ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே உள்ள கடல். இரண்டு வழியிலும் பிரிட்டன் திண்ணை போட்டு உட்கார்ந்திருக்கிறது. முட்டுச்சந்துக்குள் வீடு கட்டியவன் கதைதான்.

டிர்பிட்ஸ் எதிர்பார்த்தது 'நெருங்கிய முற்றுகை'. அதாவது பிரிட்டிஷ் கப்பல்கள் ஜெர்மன் துறைமுகங்களின் வாசலிலேயே காவல் நிற்கும், அங்கே டார்பிடோ படகுகளும் கண்ணிவெடிகளும் அவற்றை ஒவ்வொன்றாகக் குறைக்கும், பிறகு சமபலத்தில் பெரிய மோதல். பிரிட்டன் செய்ததோ 'தூர முற்றுகை'. தெருமுனையில் லாரியை மறித்தால் போதும், கடைக்குள் வந்து சண்டை போட வேண்டியதில்லை என்று அந்த இரண்டு வழிகளையும் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. 1914 மே மாதமே டிர்பிட்ஸ் கடற்படைத் தளபதி இங்கனோலைப் பார்த்து, அவர்கள் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. 17 வருஷம் கப்பல் கட்டிய பிறகு கேட்கிற கேள்வியா அது!

போர் தொடங்கியபோது ஜெர்மனியிடம் ட்ரெட்நாட் ரகப் போர்க்கப்பல்கள் 13, எதிரே 'கிராண்ட் ஃப்ளீட்' என்ற பிரிட்டனின் முதன்மைக் கப்பற்படையில் சுமார் 20. மூன்றுக்கு இரண்டு என்ற இலக்குக்கு ஏறக்குறையப் பக்கத்தில்தான். விகிதம் கிடைத்தது, பலன் கிடைக்கவில்லை.

டிர்பிட்ஸ் கையில் கட்டளை அதிகாரமும் இல்லை. கப்பல்களை இழக்கப் பேரரசருக்கு மனசில்லை, துறைமுகத்திலேயே வைத்திருந்தார். 1914 ஆகஸ்ட் 28 அன்று ஹெல்கோலாண்ட் தீவு அருகே நடந்த மோதலில் 'மைன்ஸ்' என்ற ஜெர்மன் குரூசர் மூழ்கியது. அதில் அதிகாரியாக இருந்த டிர்பிட்ஸின் மகன் வோல்ஃப்கங்கை பிரிட்டிஷ்காரர்கள் தண்ணீரிலிருந்து காப்பாற்றிச் சிறைப்பிடித்தார்கள். மகன் உயிரோடு இருக்கிறான் என்று பெர்லினில் இருந்த தகப்பனுக்குச் சேதி போக ஏற்பாடு செய்தவர் அப்போதைய பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் சர்ச்சில்.

நீர்மூழ்கிக் கதை இந்தக் கட்டத்தில்தான் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியின் முதல் நீர்மூழ்கி 'யூ-1' 1906 கடைசியில்தான் சேவைக்கு வந்தது. மற்ற நாடுகளை விடத் தாமதம், டிர்பிட்ஸ் அதில் பணம் போட விரும்பாததும் அதற்கு ஒரு காரணம். போரில் பெரிய கப்பல்கள் சும்மா நின்றபோது அவர் மனம் மாறினார். நீர்மூழ்கிகளைக் கட்டுப்பாடில்லாமல் ஏவ வேண்டும் என்று வற்புறுத்தினார். பேச்சு எடுபடவில்லை. 1916 மார்ச்சில் பதவியை விட்டார். அதற்கு இரண்டரை மாதம் கழித்துத்தான் டென்மார்க்கை ஒட்டிய ஜட்லாந்து கடற்பகுதியில் இரண்டு கடற்படைகளும் உண்மையிலேயே மோதின. பிரிட்டன் 14 கப்பல்களையும் 6,000-க்கு மேற்பட்ட ஆட்களையும் இழந்தது. ஜெர்மனிக்குக் கப்பல் 11, ஆட்கள் 2,500-க்கு மேல். எண்ணிக்கையில் ஜெர்மனிக்கு வெற்றி. மறுநாளும் தெருமுனையில் பிரிட்டன்தான் நின்றது.

1918 அக்டோபர் கடைசியில், இன்னொரு மோதலுக்குப் புறப்படச் சொன்னபோது மாலுமிகள் மறுத்தார்கள். அந்த மறுப்பு புரட்சியாகி, பேரரசரே நாட்டை விட்டு ஓடினார். 1919 ஜூன் 21 அன்று, ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் காவலில் இருந்த ஜெர்மன் கப்பல்களை அதன் மாலுமிகளே அடைப்புகளைத் திறந்துவிட்டு மூழ்கடித்தார்கள். 74-இல் 52 மூழ்கின. டிர்பிட்ஸ் அதற்குப் பிறகும் தீவிர வலதுசாரி அரசியலில் இருந்தார், 1924 முதல் 1928 வரை ரைஷ்டாக் உறுப்பினராகவும் உட்கார்ந்தார். 1930 மார்ச் 6 அன்று மியூனிக் பக்கத்தில் எபன்ஹவுசனில் இறந்தார்.

அவர் பெயரில் ஒரு கப்பல்

1939 ஏப்ரல் 1 அன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் ஜெர்மனியின் ஒரு ராட்சதப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கினார்கள். பெயர் 'டிர்பிட்ஸ்'. பெயர் சூட்டியவர் அவர் மகள் இல்ஸ ஃபான் ஹஸல்.

இந்தக் கப்பல் இரண்டாம் உலகப்போரின் பெரும்பகுதியை நார்வேயின் குறுகிய கடல் நுழைவுகளில் நங்கூரம் போட்டே கழித்தது. ஆனாலும் அது எப்போது வெளியே வருமோ என்று பிரிட்டன் பெரிய கப்பல்களையும் விமானம் தாங்கிகளையும் அந்தப் பக்கம் நிறுத்தியே வைத்திருந்தது. 1942 ஜூலையில் ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோன பிக்யூ-17 என்ற கப்பல் கூட்டத்துக்கு, டிர்பிட்ஸ் வருகிறது என்ற பயத்தில், கலைந்து தனித்தனியாக ஓடுங்கள் என்று லண்டனிலிருந்து உத்தரவு போனது. துணைக்கு வந்த போர்க்கப்பல்களும் விலகின. துணையில்லாமல் சிதறிய சரக்குக் கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் வேட்டையாடின. மூழ்கியவை 24.

ஜூலை 4 இரவு அந்த உத்தரவு பறந்தபோது, டிர்பிட்ஸ் நார்வேயின் ஆல்டாஃப்யோர்டில் நங்கூரத்தில் நின்றுகொண்டிருந்தது.